போணி ஜெர்மனிக்குப் போன கதை: ஒரு சொல்லாய்வு

ஜெர்மானியர் அவரைக்கும் பயறுக்கும் ‘போனே’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறார்கள். உளுந்து ‘உர்த்போனே’, பாசிப்பயறு ‘முங்கோபோனே’, காராமணி ‘ஆவ்கன்போனே’, அதாவது கண்பயறு. மொச்சை வேறு, தட்டை வேறு, கொத்தவரை வேறு என்று பேர் சொல்லிப் பேரம் பேசும் தஞ்சாவூர்க்காரருக்கு இந்தச் சொல்வறுமை இரக்கத்தையே தரும். அந்த ஒற்றைச் சொல்லும் காவிரிப் படுகையிலிருந்து கடன் போனதுதான் என்பது இக்கட்டுரையின் துணிபு.

முதற்சான்று பொருள் ஒற்றுமை. நாளின் முதல் வியாபாரம் போணி. ‘இன்னும் போணி ஆகலை’ என்றால் கல்லாவில் காலணா இல்லை. ஜெர்மானியர் ‘நிஷ்ட் டீ போனே’ என்பார்கள். சொல்லுக்குச் சொல் ‘பயறுகூட இல்லை’, கருத்து ‘துளியும் இல்லை’. இதற்குமேல் சான்று கேட்பவர் வம்புக்காரர்.

வம்புக்காரருக்காக இன்னொன்று. ஜெர்மன் எழுத்தில் இச்சொல்லின் நடுவே உச்சரிக்கப்படாத ‘ஹ்’ ஒன்று உட்கார்ந்திருக்கிறது. நெடிலைக் காட்ட என்பது அவர்கள் இலக்கணம். துணைக்கால் இல்லாதவர்கள் சொல்லும் சமாதானம். இந்தியில் போணியை ‘போஹ்னி’ என்கிறார்கள். சொல் வடக்கே தங்கிப் போனதற்கு அந்த ‘ஹ்’தான் சுங்க முத்திரை.

போன வழி தரங்கம்பாடி. 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர் வசமிருந்த ஊர். 1706 ஜூலையில் அங்கே வந்திறங்கிய ஜெர்மானியர் சீகன்பால்கு, பிள்ளைகளோடு மணலில் எழுதித் தமிழ் படித்தவர். கடைத்தெருத் தமிழ் மட்டும் காதில் விழாமலா இருந்திருக்கும்? பழைய ஜெர்மனில் ‘போனா’ என்ற வடிவம் அவருக்குப் பல நூற்றாண்டு முன்பே இருக்கிறதே, லத்தீன் ‘ஃபாபா’வும் ருஷ்ய ‘போப்’பும் அதன் பங்காளிகளாயிற்றே என்பார்கள். வெறும் தேதிக் கோளாறைக் காட்டி ஆய்வை முடக்குவது நம் மரபல்ல. சீகன்பால்குவுக்கு முன்னால் வேறு யாராவது போயிருப்பார்.

இனி, சொல் பிறந்த வயல். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போது, மண் மெழுகுபதத்தில் இருக்கையில், நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்தை வீசித் தெளித்துவிடுவார்கள். உழவு கிடையாது. மிச்ச ஈரத்திலும் தை மாசிப் பனியிலுமே வளர்ந்து காய்த்துவிடும். ‘ஆடுதுறை 3’ இதற்குப் பேர்போன ரகம். பெரிய முதல் போடாமல் கைக்கு வருகிற காசு. போணி என்ற சொல் பிறக்க இதைவிடத் தோதான இடம் பவேரியாவிலா இருக்கிறது?

எஞ்சியிருப்பது கும்பகோணச் சிக்கல். காப்பிக்கொட்டையையும் ஜெர்மானியர் ‘போனே’ என்றே அழைக்கிறார்கள்; அதற்கும் அவரைக் குடும்பத்துக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அந்தக் குடும்பத்தில் பிறந்த நிலக்கடலையையோ கொட்டை இனத்தில் சேர்த்துவிட்டார்கள். போகட்டும். ‘போனன்காஃபே’ என்றால் அங்கே சிக்கரி முதலான மாற்றுச் சரக்கு இல்லாத அசல் காப்பி. ஆகவே சிக்கரி கலந்த முதல் டம்ளரை ஆற்றிக் கொடுத்துவிட்டு ‘போணி ஆச்சு’ என்று கும்பகோணத்துக் கடைக்காரர் சொல்வது சொல்லாராய்ச்சிப்படி செல்லாது.