ஐந்தாவது வட்டத்தின் தலபுராணம்

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் விடைத்தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு வட்டங்கள் இருந்த காலம் ஒன்று உண்டு. 2020-இல் ஐந்தாவதாக ஒரு வட்டம் சேர்ந்தது. அதற்குரிய வாசகம் ‘விடை தெரியவில்லை’. தெரியாதவர் இனிச் சும்மா விட்டுவிட்டுப் போக முடியாது. தெரியாது என்பதையும் கறுப்பு மையால் நிரப்பிக் காட்ட வேண்டும். இதன் தோற்றத்தைக் கேட்டால் அலுவலக மரபினர் குரூப் 4 முறைகேட்டைச் சொல்வார்கள். 2019-இல் இராமேசுவரம், கீழக்கரை மையங்களில் எழுதிய சிலர் சிறிது நேரத்தில் மறையும் மையைப் பயன்படுத்தினார்கள், காலியான வட்டங்களை வேறு கைகள் நிரப்பின, 99 பேருக்கு வாழ்நாள் தடை வந்தது, அதனால் காலி வட்டமே கூடாதென்று ஆணையம் முடிவு செய்தது என்பார்கள். இது அண்மைக் காரணம். மூல காரணம் ஆகாது. புகை தெரிந்த இடத்தைச் சொன்னால் போதுமா, நெருப்பு எங்கே என்று சொல்ல வேண்டாமா? நெருப்பு திருவண்ணாமலையில் இருக்கிறது. ஐந்தாவது வட்டம் பிறந்த ஊர் அதுவே என்பதும், விளையாட்டும் குழந்தைகள் தொலைக்காட்சியும் பறவை விலங்குகளும் அதற்குச் சாட்சி என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

தலபுராணம் எல்லாரும் அறிந்ததுதான். அதை ஒரு தேர்வு நடவடிக்கைக் குறிப்பாக வாசிக்காததுதான் குறை. தேர்வர்கள் இருவர். கேள்வி ஒன்று. கேள்வித்தாளும் தேர்வாளரும் சிவன் ஒருவரே, அவரும் நெருப்புத் தூணாக நிற்கிறார். ஆகவே தாள் முன்கூட்டிக் கசிய வழியில்லை. அடியைத் தேடித் திருமால் பன்றியாகித் தோண்டினார். முடியைத் தேடி நான்முகன் அன்னமாகிப் பறந்தார். திருமால் களைத்துத் திரும்பி, காணவில்லை என்றார். நான்முகன் வழியில் விழுந்துகொண்டிருந்த தாழம்பூ ஒன்றைப் பிடித்து, முடியைக் கண்டதாகச் சாட்சி சொல்லவைத்தார். முடிவு வெளியானபோது திருமால் நிரப்பியது ஐந்தாவது வட்டம் என்பதும், அதுவே சரியான விடை என்பதும் தெரிந்தது. நான்முகனுக்குக் கோயில் இல்லை, தாழம்பூவுக்குச் சிவபூசையில் இடமில்லை என்று தீர்ப்பாயிற்று. கள்ளச் சாட்சி, வாழ்நாள் தடை என்று முன்தீர்ப்பு இவ்வளவு அச்சு அசலாகப் பொருந்துவது நீதிமன்றங்களிலேயே அபூர்வம். சோழர் காலச் சிவாலயங்களில் கருவறையின் பின்சுவரைப் பாருங்கள். கீழே பன்றி, மேலே அன்னம், நடுவே தூணுக்குள் லிங்கோற்பவர். கேள்வித்தாளையே கல்லில் வெட்டிப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். சிற்பியும் நாணயமானவர், இறைவனின் பாதத்தைச் செதுக்காமல் தூணுக்குள் விட்டுவிட்டார்.

இயற்கை தரும் சான்று இன்னும் வலுவானது. பன்றி ஆழத் தோண்டும் என்பது பொது நம்பிக்கை. உண்மையில் அது கிழங்கும் புழுவும் தேடி மூக்கால் மேல்மண்ணைக் கிளறுகிற விலங்கு. ஆழந்தான் வேண்டுமென்றால் பெருச்சாளியாகப் போயிருக்கலாம். தேர்வாளருடைய மகனின் வாகனமாயிற்றே என்று திருமால் கூச்சப்பட்டிருக்க வேண்டும். மேலே போனவருக்கு உறவினர் பலம் அதிகம். இமயத்தைத் தாண்டும் வரித்தலை வாத்து 7,000 மீட்டருக்கு மேலும் பறப்பதைக் கருவி பொருத்திக் கண்டிருக்கிறார்கள். அது குளிர்காலத்தில் நம் கூந்தன்குளத்துக்கும் வருகிறது. வந்த இடத்தில் எந்த முடியையும் கண்டதாகச் சொல்வதில்லை. 1973-இல் ஐவரி கோஸ்ட் வானில் 37,000 அடி, அதாவது ஏறத்தாழ 11,300 மீட்டர் உயரத்தில், ரூப்பெல் பாறு ஒன்று விமானத்தில் மோதியது. பறவைகளில் இதுவே உயரச் சாதனை. அங்கே சாட்சி சொன்னது விமானம், பறவை திரும்பவில்லை. கீழ்நோக்கிச் சோவியத் நாட்டார் கோலா தீபகற்பத்தில் 1970-இல் துளையிடத் தொடங்கி, 1989-இல் 12,262 மீட்டரை எட்டினார்கள். ஆக, இன்றைய நிலவரப்படி பன்றித் தரப்பு சுமார் ஒரு கிலோமீட்டர் முன்னிலை. ஆனால் அங்கே பாறையின் வெப்பம் 180 டிகிரி செல்சியஸ். அதற்குமேல் துளைக்க முடியவில்லை. பூமியின் மையம்வரை உள்ள 6,371 கிலோமீட்டரில் போனது ஐந்நூறில் ஒரு பங்கு. இப்போது அந்தத் துளையின் வாயைத் துருப்பிடித்த இரும்பு மூடி ஒன்று அடைத்திருக்கிறது. வட்ட வடிவம், முழுவதும் நிரப்பியது.

தாழம்பூவையும் குறுக்கு விசாரணை செய்துவிடலாம். தாழை கடற்கரையிலும் ஓடைக்கரையிலும் வளர்வது. மேலேயிருந்து வருகிறேன் என்று அது சொன்னபோதே தாவரவியல் தெரிந்த யாராவது குறுக்கிட்டிருக்க வேண்டும்.

விளையாட்டுலகில் நான்முகன் மரபுக்குப் பஞ்சமில்லை. 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக் மாரத்தானில் முதலாவதாக அரங்குக்குள் நுழைந்த பிரெட் லார்ஸ், வழியில் சுமார் 11 மைல் காரில் வந்தவர். 1980 பாஸ்டன் மாரத்தானில் பெண்கள் பிரிவில் வென்ற ரோசி ரூயிஸ் கடைசிச் சில நிமிடங்கள் மட்டுமே ஓடியதாகத் தெரிந்து, எட்டு நாளில் பட்டத்தை இழந்தார். திருவண்ணாமலையார் இந்த ஆபத்தை முன்பே உணர்ந்து 14 கிலோமீட்டர்ப் பாதையை வட்டமாக அமைத்துவிட்டார்கள். கிரிவலத்தில் முதலிடம் என்று ஒன்று கிடையாது. ஆட்டோவில் சுற்றுகிறவர்கள் உண்டு. அவர்களும் ஆட்டோவில் சுற்றியதாகவே சொல்கிறார்கள். திருமால் மரபு கிரிக்கெட்டில் தாமதமாகத்தான் வந்தது. 1992 நவம்பரில் டர்பன் டெஸ்டில் சச்சின் டெண்டுல்கரின் ரன் அவுட்டைக் களத்து நடுவர் தாமே சொல்லாமல் மூன்றாவது நடுவரிடம் விட்டார். மூன்றாவது நடுவர் வெளியேற்றிய முதல் ஆட்டக்காரர் சச்சின். அந்த வேளையில் நடுவர்கள் காற்றில் ஒரு சதுரம் வரைகிறார்களே, அது ஐந்தாவது வட்டத்தின் வெளிநாட்டு வடிவம்.

குழந்தைகள் தொலைக்காட்சியில் டோரா ஒருத்தி போதும். சுட்டி டிவியில் தமிழ் பேசி வந்த இந்தச் சிறுமி, மலை தன் முதுகுக்குப் பின்னால் நிற்கும்போதே மலை எங்கே என்று கேட்டுவிட்டு, விடைக்காகச் சில நொடிகள் கண்கொட்டாமல் நிற்பாள். தெரிந்துகொண்டே தெரியாததுபோல் கேட்பது போலி ஐந்தாவது வட்டம் அல்லவா என்று ஆட்சேபிக்கலாம். கேட்டவள் நடிக்கிறாள், மெய்தான்; ஆனால் அந்த மௌனத்தில் வீட்டுக் கூடத்திலிருந்து கத்துகிற குழந்தை நடிப்பதில்லை. தவிர, இந்திர லிங்கத்தில் தொடங்கி ஈசான்ய லிங்கம்வரை எட்டு இடங்களை வரிசை பிசகாமல் கடக்கும் கிரிவலத்துக்கும் டோராவின் வரைபடத்துக்கும் இலக்கணம் ஒன்றே.

இனி எதிர்வாதங்கள். அடியும் முடியும் இல்லாத பொருளுக்கு அடிமுடி கேட்டது தவறான கேள்வி, இருவருக்குமே கருணை மதிப்பெண் தந்திருக்க வேண்டும் என்பது ஒன்று. தவறான கேள்வி என்று கண்டுகொண்டவருக்குத்தானே மதிப்பெண் போயிற்று? அடுத்த வாதம் கொஞ்சம் கடினம். நெருப்பு குளிர்ந்து மலையாகிவிட்டது, அதன் உயரம் 2,668 அடி, கார்த்திகைதோறும் கொப்பரையை உச்சிக்குத் தூக்கிப் போகிறார்கள். முடியைக் கண்டவர்கள் ஊரில் நிறைய, எனவே நான்முகன் சொன்னது காலம் முந்திய உண்மை என்பார்கள். ஆனால் அங்கே போய் அவர்கள் செய்வது என்ன? ஆயிரக்கணக்கான கிலோ நெய்யும் நீண்ட காடாத்துணியும் கொண்டு, மாலை 6 மணிக்கு அந்த முடியிலிருந்து மறுபடி ஒரு நெருப்பைக் கிளப்பிவிடுகிறார்கள். அளந்த முடியை அழித்துக் கேள்வியைப் புதுப்பிக்கிற சடங்கு இது.

மறுக்க முடியாத எதிர்வாதம் ஒன்று உண்டு. திருமாலுக்கு வெற்றி தந்த வட்டம் தேர்வாணையத்தில் ஒரு மதிப்பெண்ணும் தருவதில்லை. ஆணையம் முன்தீர்ப்பில் பாதியைத்தான் எடுத்துக்கொண்டது என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. தண்டனைப் பாதியும் தளர்ந்துதான் போயிற்று. திருச்சி மாவட்டம் திருப்பட்டூரில் நான்முகனுக்குத் தனிச் சன்னிதி இருக்கிறது. தகுதி நீக்கப்பட்ட தேர்வர் அங்கே பிறருடைய தலையெழுத்தைத் திருத்தித் தருகிறார் என்று நம்பிக்கை. குரூப் 4 எழுதுகிறவர்கள் ஜாதகத்தோடு ஹால் டிக்கெட்டையும் அவர் காலடியில் வைத்து எடுத்துப் போகலாம்.