மூணு யூனிட்டு மகராசங்களுக்கு

வாங்க பேரப்பிள்ளைகளா. தீபாவளி லீவுக்கு வந்தாச்சா? பஸ்ஸை விட்டு இறங்கும்போதே பார்த்தேன், முதுகுல ஒரு மூட்டை புத்தகம். போட்ட ஜிப்பு போட்டபடியே திரும்பக் கொண்டுபோகப் போறீக. போகட்டும், புத்தகத்துக்கும் ஊரு பார்க்க ஆசை இருக்கும்லா?

லீவு முடிஞ்சதும் செமஸ்டராம்ல. பயப்படாதீக, அதான் டைம்டேபிள் போட்டாச்சே! பச்சைப் பேனா, சிவப்புப் பேனா, ஓரத்துல பூ வேற. முத நாள் படிக்காததைச் சேர்த்து மறுநாள் புது டைம்டேபிள். அந்த அழகுக்கே நூத்துக்கு நூறு போடலாம். பரீட்சையில அதைக் கேட்க மாட்டேங்காங்களே, என்ன செய்ய?

என் பேரன் இன்ஜினியரிங். "மூணு யூனிட்டு போதும் தாத்தா"ங்கான். கணக்கைச் சொல்லுலேன்னேன். அண்ணா பல்கலைக்கழகத்து வினாத்தாளு 100 மார்க்கு. 2 மார்க்குக் கேள்வி 10, 13 மார்க்குக் கேள்வி 5, கடைசியா 15 மார்க்குல ஒண்ணு. யூனிட்டு மொத்தம் அஞ்சு, ஒவ்வொண்ணுலயும் 2 மார்க்கு ரெண்டு, 13 மார்க்கு ஒண்ணு. மூணை மட்டும் படிச்சா 12-ம் 39-ம் சேர்ந்து 51. எழுத்துப் பரீட்சையில 45 எடுத்தாப் போதுமாம். "6 மார்க்கு லாபம் தாத்தா!"

அடேயப்பா, இந்த மூளையைக் கணக்குப் பேப்பர்ல காட்டியிருந்தா அரியரே விழுந்திருக்காதே! ஏலே, எழுதுனதுக்கெல்லாம் அரை மார்க்குக்கூடக் குறைக்காத வாத்தியாரு இனிமேத்தான் பொறக்கணும். அது போக, இன்டர்னலையும் சேர்த்து 50 வரணும். அந்த இன்டர்னலைப் போடுதவரைக் கண்டாத்தான் நீ தூணுக்குப் பின்னால ஒளியிதியாமே?

சரி, படிக்கவாவது தெரியுதா? விடிய விடிய முழிச்சு, டீயாக் குடிச்சு, ஒரே பக்கத்தை நாலு தடவை வாசிச்சு மஞ்சக்கோடு போடுதீக. கடைசியில கோடு போடாத வரிதான் கண்ணுல படுது.

2006-ல அமெரிக்காவுல ரோடிகர், கார்பிக்கேன்னு ரெண்டு பேரு காலேஜுப் பிள்ளைகளை வச்சே இதைச் சோதிச்சுப் பார்த்திருக்காக. பேத்திதான் வாசிச்சுச் சொன்னா. ஒரு கூட்டம் பாடத்தை நாலு தடவை உட்கார்ந்து வாசிச்சுது. இன்னொரு கூட்டம் ஒரு தடவை மட்டும் உட்கார்ந்து வாசிச்சுட்டு, மூணு தடவை பார்க்காம எழுதிப் பார்த்துச்சு. அஞ்சு நிமிசம் கழிச்சுக் கேட்டா வாசிச்சவன்தான் கெட்டி. ஒரு வாரம் கழிச்சுக் கேட்டா வாசிச்சவனுக்கு ஞாபகம் இருந்தது 40 சதவீதம், எழுதிப் பார்த்தவனுக்கு 61. இதைத்தான் நம்ம வீட்டு மாடு காலங்காலமாச் செய்யுது. மேயும்போது அவசரமா முழுங்கும். பொறவு நிழல்ல படுத்துக் கண்ணை மூடி அசைபோடும். நீங்க மேயுததோட நிறுத்திக்கிடுதீக.

அதனால ஒண்ணே ஒண்ணு சொல்லுதேன். ஒரு பக்கம் வாசி, புத்தகத்தை மூடு, என்ன இருந்துச்சுன்னு வெறுந்தாளுல எழுது. முத தடவை ஒண்ணும் வராது, வெக்கமா இருக்கும். பரீட்சை ஹால்ல 3 மணி நேரம் வெக்கப்படுததுக்கு இங்க திண்ணையில அஞ்சு நிமிசம் வெக்கப்படலாம், தப்பில்லை. ராத்திரி ஒழுங்காத் தூங்கு. படிச்சது மண்டையில நிலைக்கத் தூக்கமும் வேணும்.

ஆனா தீபாவளி அன்னைக்குப் புத்தகத்தைத் தொட்டீகன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும். எண்ணெய் தேய்ச்சுக் குளிங்க, வெடி போடுங்க, வயிறாரத் திங்க. அதிரசத்தைக் கடிக்கையில செமஸ்டரை நினைக்கதும், செமஸ்டருக்குப் படிக்கையில அதிரசத்தை நினைக்கதும் ரெண்டுக்கும் செய்யுத துரோகம். ஒரு பேப்பரு போனாலும் குடி முழுகிராது, திரும்ப எழுதிக்கிடலாம். நீங்கள்லாம் கெட்டிக்காரப் பிள்ளைகதான். படிக்காம இருக்கதுக்கே இவ்வளவு கணக்குப் போடுதவுகளுக்குப் படிக்கவா வராது?

போகும்போது ஆச்சி ஒரு தூக்குவாளி நிறைய அதிரசம் தருவா. ஹாஸ்டல்ல ஓசியில குடுத்துராதீக. நாலாவது யூனிட்டைச் சொல்லிக்குடுக்கவனுக்கு ரெண்டு, அஞ்சாவதுக்கு மூணு. அந்த அஞ்சு யூனிட்டுக் கணக்கு மட்டும் எப்படிப் பார்த்தாலும் நட்டம் வராது.