மூன்றாவது சர்க்கரை நோயாளி

வீட்டில் ஏற்கெனவே இரண்டு பேருக்குச் சர்க்கரை. மூன்றாவதாகப் பூனைக்கும் வந்த பிறகுதான் குடும்பத்தில் ஒழுக்கம் தலைகாட்டுகிறது. தாத்தா தம் மாத்திரையை ஞாபகம் வந்தால் விழுங்குவார். பூனைக்கோ 12 மணி நேரத்துக்கு ஒருமுறை இன்சுலின்; காலை 7, மாலை 7, தவறவே தவறாது. கல்யாண வரவேற்புகளுக்கு இப்போதெல்லாம் மொய் மட்டும்தான் போகிறது.

பக்கத்து வீட்டு மாமி பாகற்காய்ச் சாறு சிபாரிசு செய்தார். பூனை பிறவி அசைவம். முகர்ந்துவிட்டு மாமியையே முறைத்தது. அதற்கு விதித்திருப்பது புரதம் கூடிய, மாவுச்சத்து குறைந்த ஈர உணவு. பட்டினியும் ஆகாது, சாப்பிடாத பூனைக்கு முழு அளவு ஊசி போட்டால் சர்க்கரை இறங்கி மயங்கிவிடும்.

மனிதர்களின் சிரிஞ்சையும் கண்ணை மூடிக்கொண்டு கடன் வாங்க முடியாது. மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என இருவகை இன்சுலின் உண்டு. சிரிஞ்சு மாறினால் அளவு இரண்டரை மடங்கு பிசகும்.

மருத்துவரைக் கண்ட பயத்திலேயே பூனைக்குச் சர்க்கரை எகிறுமாம். எனவே சோதனை வீட்டில், காது ஓரத்தில் ஒரு குத்து. அந்தக் கணக்குக்குத் தனி நோட்டு. தாத்தாவின் கணக்கு பழைய காலண்டரின் பின்பக்கம்.

தொடக்கத்திலேயே கவனித்தால் சில பூனைகளுக்கு இன்சுலினே தேவைப்படாமல் போவதுண்டு. இதைத் தாத்தாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். நாளையே மாத்திரையை நிறுத்திவிட்டு மீன் கேட்பார்.