மூன்றாம் தடவை எழுதாத இலக்கணம்

1896 ஆகஸ்ட் 29. மதுரை அமெரிக்கன் மிஷன் பள்ளிக்கூடத்துப் பையன் வேங்கடராமன் வீட்டு மாடியில் இம்போசிஷன் எழுதிக்கொண்டிருந்தான். பெயின் துரையின் ஆங்கில இலக்கணத்தில் ஒரு பாடம், மூன்று தடவை. ஆசிரியரின் பெயரே பெயின். பாடம் எப்படி இருந்திருக்கும்? இரண்டு தடவை எழுதியவன், மூன்றாவதைத் தள்ளிவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டான். இப்படி உட்காருகிறவனுக்குப் படிப்பு எதற்கு என்று அண்ணன் சிடுசிடுத்தார். நியாயம்தானே என்று தம்பி கிளம்பிவிட்டான். தம்பிகளை வைகிற அண்ணன்மார் கவனிக்க.

அண்ணனின் கல்லூரிச் சம்பளத்துக்கான 5 ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, மீதி இரண்டோடு ஒரு சீட்டு எழுதி வைத்தான். "நான்" என்று தொடங்கிய சீட்டு, சற்று நேரத்தில் "இது" என்று மாறி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் வெறும் கோடாக முடிந்தது. பெயின் துரை கண்ணில் பட்டிருந்தால் இன்னொரு மூன்று தடவை எழுதச் சொல்லியிருப்பார்.

திருவண்ணாமலைக்குப் புறப்பட்டவனைப் பூகோளமும் காலை வாரியது. பழைய அட்லஸை நம்பித் திண்டிவனத்துக்கு டிக்கெட் எடுத்தான். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்கே ரயில் போவது அட்லஸுக்குத் தெரியாது. வழியில் கடுக்கனை 4 ரூபாய்க்கு அடகு வைத்து, செப்டம்பர் 1 அன்று வந்து சேர்ந்தான்.

இலக்கணத்திடமிருந்து தப்பி ரமணர் ஆனவரை, அதிலேயே மிகச் சின்னச் சொல் விடாமல் துரத்தியது. ஆங்கிலத்தில் 'நீ', 'அவன்' எல்லாம் சின்ன எழுத்து; 'நான்' என்னும் 'ஐ' மட்டும் வாக்கியத்தின் எந்த மூலையிலும் தலைப்பாகை கட்டிய மிராசுதார் மாதிரி நிமிர்ந்து நிற்கும். ஸ்பானிஷ்காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அவர்களுடைய 'யோ'வை விட்டுவிட்டாலும், நம் 'வந்தேன்' போல வினையின் வாலே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அப்படியொரு ஸ்பானிய வம்சத்து அம்மாள் 1938-இல் திருவண்ணாமலைக்கு, ரமணரைப் பார்க்க வந்தார். நியூயார்க்கில் பிறந்த எழுத்தாளர் மெர்சிடிஸ் டி அகோஸ்டா. ஹாலிவுட் நட்சத்திரம் கிரேட்டா கார்போவின் சிநேகிதி. அதே வருஷம் வந்த ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம், ரமணரைப் பார்ப்பதற்கு முன்பே மயங்கி விழுந்தார். சமாதி என்று கதை கட்டினார்கள்; எனக்கு இது பழைய வியாதி என்று மனிதர் பிறகு எழுதித் தொலைத்தார். யார் எந்த மொழியில் என்ன கேட்டாலும், கேட்கிற 'நான்' யார் என்று பார் என்பதே ரமணரின் ஆசிரமத்து வழக்கம்.

அம்மாள் பார்த்தார். 1960-இல் சுயசரிதை எழுதி, அகந்தையே இல்லாதவர் என்று ரமணருக்குச் சமர்ப்பணம் செய்தார். அடுத்த பக்கத்திலிருந்து மிராசுதார் ராஜ்யம்!

நாம் மட்டும் என்ன? தமிழில் 'நான்' இல்லாமலே நாள் பூராவும் பேசலாம். ஆனால் கார்த்திகை தீபத்தன்று அண்ணாமலையார் கோயில் வாசலில் பாஸ் இல்லாத பிரமுகரை நிறுத்திப் பாருங்கள். "நான் யார் தெரியுமா?" என்பார். காவலர் சொல்ல வேண்டிய பதில் ஒன்றுதான்:

"செங்கம் ரோட்டுல ஆசிரமம் இருக்கு சார், அங்க போயி விசாரிங்க."