இடுப்பில் துப்பாக்கியோடு சைக்கிள் ஓட்டலாமா?

கேள்வி: டெக்சஸில் லைசன்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம் என்கிறார்கள். நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். விடியற்காலையில் தனியாகச் சைக்கிள் ஓட்டுகிறவன். ஒன்று வாங்கிக்கொள்ளலாமா?
(பிளேனோ, டெக்சஸ்)

வேண்டாம் தம்பி. 21 வயது நிரம்பியவர் லைசன்ஸ் இல்லாமல் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்ல டெக்சஸ் 2021 செப்டம்பர் முதல் அனுமதிக்கிறது, உண்மைதான். ஆனால் அந்த அனுமதி, துப்பாக்கி வைத்திருக்க ஏற்கெனவே தடை இல்லாதவர்களுக்கு மட்டும். உங்களுக்குத் தடை இருக்கிறது. அமெரிக்க மத்திய சட்டப்படி, தற்காலிக விசாவில் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. எச்-1பி, எச்-4, எல்-1, படிக்க வந்த பிள்ளையின் எஃப்-1, பேரனைப் பார்க்க வரும் அம்மா அப்பாவின் சுற்றுலா விசா என்று எல்லாமே இதில் அடங்கும். மீறினால் 15 ஆண்டு வரை சிறை. 2022-க்கு முன் 10 ஆண்டாக இருந்ததை உயர்த்திவிட்டார்கள். துப்பாக்கிக் குற்றம் நிரூபணமானால் நாட்டைவிட்டு அனுப்பவும் அதுவே போதும்.

செல்லுபடியாகும் வேட்டை லைசன்ஸ் இருந்தால் விதிவிலக்கு உண்டு என்று யாராவது சொல்வார்கள். அப்படி ஒரு விலக்கு சட்டத்தில் இருக்கத்தான் செய்கிறது. அதை நம்பிக் கடைக்குப் போகும் முன் ஒரு குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள். கிரீன் கார்டுக்காக இத்தனை வருடம் காத்திருந்தவர், ஒரு காலைநேர சவாரிக்காக அதைப் பணயம் வைப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

கேள்வி: அமெரிக்கக் குடியுரிமை உள்ள நண்பர் தன் பெயரில் வாங்கித் தருகிறேன் என்கிறார்.
(இர்விங், டெக்சஸ்)

நண்பரையும் சேர்த்து உள்ளே தள்ளும் யோசனை. வாங்கும்போது நிரப்பும் மத்திய அரசுப் படிவத்தில், துப்பாக்கி யாருக்காக என்று அவர் கையெழுத்துப் போட்டுச் சொல்ல வேண்டும். தடை உள்ளவருக்காகத் தன் பெயரில் வாங்குவதும் 15 ஆண்டு வரை சிறை தரும் குற்றம். நட்பு நீடிக்கட்டும், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: சைக்கிள்காரர்களுக்கென்றே ஒரு காலத்தில் துப்பாக்கி செய்தார்களாமே, நிஜமா?
(சென்னை)

நிஜம்தான். 1890-களின் பிரான்சில் சைக்கிள் மோகம் தலைக்கேறியிருந்தது. கிராமத்துச் சாலைகளில் கட்டிப்போடாத நாய்கள், சுழலும் சக்கரத்தைக் கண்டதும் துரத்தின. பாரிஸ் துப்பாக்கித் தயாரிப்பாளர் காலன் இதற்காகவே 'வெலோ-டாக்' என்ற சின்ன ரிவால்வரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். சட்டைப்பையில் சிக்காமல் எடுக்க வசதியாக, சுத்தியல் உள்ளே மறைந்திருக்கும். விசை மடங்கிக்கொள்ளும், விசையைச் சுற்றி வரும் காப்பு வளையமே பலவற்றில் கிடையாது. தோட்டா ஆறு மில்லிமீட்டருக்கும் குறைவான குறுக்களவு. நாயைக் கொல்ல மனம் வராதவர்களுக்காக மிளகாய்த் தூள் அடைத்த தோட்டாக்களும் விற்றார்கள். துரத்துகிற நாயைத் தடுக்க மிளகாய் போதும் என்பது அன்றைக்கே தெரிந்திருக்கிறது, பாருங்கள்.

நீண்ட பயணம் போனவர்களும் ஆயுதத்தோடுதான் கிளம்பினார்கள். தாமஸ் ஸ்டீவன்ஸ் 1884 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் உயரச் சக்கர சைக்கிளில் ஏறி, 1886 டிசம்பரில் யோகோஹாமாவில் உலகப் பயணத்தை முடித்தவர். மாற்றுச் சட்டை, காலுறை, மழைக்கோட்டு, ஒரு ரிவால்வர், இவ்வளவுதான் மூட்டை. லாகூரிலிருந்து கல்கத்தா வரை நம் கிராண்ட் டிரங்க் சாலையையும் மிதித்துக் கடந்தார். 1894-இல் பாஸ்டனிலிருந்து கிளம்பிய ஆனி லண்டன்டெரி மூன்று குழந்தைகளின் தாய். முத்துச்சிப்பிப் பிடிபோட்ட ரிவால்வரோடு உலகம் சுற்றப் போனார். போலீசும் தொலைபேசியும் எட்டாத சாலைகளின் காலம் அது. அவர்கள் பயந்ததில் எனக்கு வியப்பே இல்லை.

கேள்வி: நான் குடியுரிமை பெற்றவன், துப்பாக்கி லைசன்சும் இருக்கிறது. ஜார்ஜியாவின் கிராமத்துச் சாலையில் நாய்கள் துரத்துகின்றன. சுட்டால் என்ன?
(ஆல்ஃபரெட்டா, ஜார்ஜியா)

ஐயா, அந்த இரண்டு விநாடியை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். நாய் இருபது மீட்டர் தள்ளி ஒரு வீட்டு முற்றத்திலிருந்து பாய்கிறது. விநாடிக்குப் பத்து மீட்டர் ஓடும் நாய் அது. உங்கள் இரண்டு கையும் ஹேண்டில்பாரில், விரல்கள் பிரேக்கின் மேல். ஒரு கையை எடுக்க வேண்டும். கையுறையோடு ஜெர்சியைத் தூக்கி உறையைத் தேட வேண்டும். மூச்சு வாங்குகிறது, மார்பு அடித்துக்கொள்கிறது, கை நடுங்குகிறது. மிச்சமிருக்கும் ஒற்றைக் கையால் முன்பிரேக்கை அழுத்தினால் தலைகுப்புற விழுவீர்கள், அழுத்தாவிட்டால் நாய் முன்சக்கரத்துக்கு அடியில் வரும். இத்தனைக்கும் நடுவில், ஓடுகிற சின்ன உருவத்தைக் குறிபார்க்க வேண்டும். தார்ச்சாலையில் பட்டுத் தெறிக்கும் தோட்டா எங்கே போகும் என்று யாரால் சொல்ல முடியும்? அந்த முற்றத்தில் நாயின் பின்னால் ஒரு குழந்தை ஓடி வருவதும் வழக்கமான காட்சிதான்.

உங்களைவிட அதிகமாக நாயைச் சந்திப்பவர்கள் அமெரிக்கத் தபால்காரர்கள். ஆண்டுக்கு ஐயாயிரம் பேருக்கு மேல் தாக்கப்படுகிறார்கள். அஞ்சல் துறை அவர்கள் கையில் கொடுத்திருப்பது மிளகாய் ஸ்ப்ரே, தோளில் தொங்கும் தபால் பையைக் கேடயமாகப் பிடிக்கும் பயிற்சி, இவ்வளவுதான். உங்களுக்குத் தபால் பை இல்லாவிட்டாலும் சைக்கிள் இருக்கிறது. இறக்கச் சாலை, நாயும் தூரத்தில் என்றால் மிதித்துப் போய்விடுங்கள். இல்லையென்றால் வேகத்தைக் குறைத்து இறங்கி, சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் வையுங்கள். அடித்தொண்டையிலிருந்து "கோ ஹோம்!" என்று அதட்டுங்கள். பெரும்பாலான நாய்களுக்குச் சக்கரம் நின்றதும் சுவாரசியம் போய்விடும். முகத்தில் தண்ணீர் பாட்டிலைப் பீய்ச்சலாம், அதற்கும் அடங்காவிட்டால் ஸ்ப்ரே. நாயின் எல்லை தாண்டும்வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடங்கள். பல்லோ நகமோ பட்டுவிட்டால் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுங்கள். கௌன்டி விலங்குக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கும் தகவல் கொடுங்கள். அதே நாய் நாளைக்கு ஒரு பள்ளிப் பிள்ளையைத் துரத்தும்.

கேள்வி: பென்சில்வேனியாவில் லைசன்ஸ் வாங்கியிருக்கிறேன். ஞாயிறுதோறும் டெலவேர் ஆற்றுப் பாலம் தாண்டி நியூஜெர்சிக்குள் ஓட்டுவோம். துப்பாக்கி கையோடு இருந்தால் தப்பா?
(யார்ட்லி, பென்சில்வேனியா)

பாலத்தின் நடுவில் உங்கள் லைசன்ஸ் காலாவதி ஆகிவிடுகிறது. பென்சில்வேனியா லைசன்ஸை நியூஜெர்சி ஏற்பதில்லை. அங்கே அனுமதியின்றிக் கைத்துப்பாக்கி வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டு வரை சிறை. 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் புரூயன் வழக்கில் தந்த தீர்ப்பு, வீட்டுக்கு வெளியே ஆயுதம் தாங்கும் உரிமையை உறுதி செய்தது. அனுமதி வாங்கச் சொல்லும் உரிமையை மாநிலங்களிடமிருந்து அது பறிக்கவில்லை.

மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோக 1986-ஆம் ஆண்டின் மத்திய சட்டம் வழி தருகிறது: தோட்டா நீக்கி, பூட்டிய பெட்டிக்குள், சட்டென்று கைக்கு எட்டாதபடி. கிளம்பும் இடத்திலும் சேரும் இடத்திலும் வைத்திருக்க உங்களுக்கு உரிமையும் இருக்க வேண்டும். பின்கேரியரில் பூட்டிக் கிடக்கிற, தோட்டா இல்லாத துப்பாக்கி யாரைக் காப்பாற்றும்? ஒரு கிலோ சுமைதான் மிச்சம்.

கேள்வி: கார்க்காரர் வேண்டுமென்றே உரசிக்கொண்டு போகிறார். எடுத்துக் காட்டினாலே பயந்துவிடுவார் அல்லவா?
(ஆஸ்டின், டெக்சஸ்)

அவரிடமும் ஒன்று இருந்தால்? 2009 ஜூலையில், வட கரோலினாவின் ஆஷ்வில்லில், குழந்தையைப் பின்னால் உட்காரவைத்துச் சைக்கிள் ஓட்டிப்போன ஒருவரை, காரை நிறுத்தி வாக்குவாதம் செய்தவர் சுட்டார். தோட்டா ஹெல்மெட்டைத் துளைத்தது. ஓட்டியவர் உயிர் பிழைத்தார். சுட்டவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார், கிடைத்த தண்டனை 120 நாள் சிறை. நினைத்தாலே வயிறு எரிகிற தண்டனை. அந்தத் தந்தை கையிலும் ஒரு துப்பாக்கி இருந்திருந்தால் குழந்தைக்கு என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள்.

சட்டமும் உங்கள் பக்கம் நிற்காது. உயிருக்கோ உடலுக்கோ பெரிய ஆபத்து கண்முன் இருக்கிறது என்று நியாயமான மனிதர் எவரும் நம்பும் நிலையில்தான் தற்காப்பு செல்லும். உரசிவிட்டு நூறு மீட்டர் போய்விட்ட கார் அந்த நிலை இல்லை. அதை நோக்கி நீட்டினால் குற்றவாளி நீங்கள்தான்.

அமெரிக்காவில் 2022-இல் மட்டும் 1,105 சைக்கிள் ஓட்டிகள் சாலை விபத்துகளில் இறந்தார்கள். அந்த ஆயிரத்துச் சொச்சம் உயிர்களில் துப்பாக்கியால் காப்பாற்றியிருக்கக்கூடியது எத்தனை? சைக்கிள் ஓட்டியைக் கொல்வது பல நேரம் முதுகுக்குப் பின்னால் வரும் கார், அதைச் சுட்டு நிறுத்த முடியாது. துப்பாக்கிக்குச் செலவாகும் பணத்தில் பின்பக்க ரேடார் வாங்குங்கள், 140 மீட்டர் தூரத்திலேயே கார் வருவதைச் சொல்லிவிடும். பகலிலும் மின்னும் சிவப்பு விளக்கு வாங்குங்கள். நம்பர் பிளேட்டைப் பதிவு செய்யும் கேமரா இருந்தால் புகார் கொடுக்க ஆதாரமும் கிடைக்கும்.

கேள்வி: பெண் நான். இரவுப் பணி முடிந்து தனியாகப் பாதையில் ஓட்டி வருகிறேன். இருமுறை ஒருவன் குறுக்கே நின்றான். கிரீன் கார்டு இருக்கிறது. எனக்கும் 'வேண்டாம்' என்றுதான் சொல்வீர்களா?
(அட்லான்டா)

உங்களுக்கு அப்படி ஒற்றைச் சொல்லில் பதில் சொல்ல மாட்டேன் அம்மா. உங்கள் பயம் நிஜம், அதற்குக் காரணமானவனும் நிஜம். முதலில் போலீசில் எழுதிக் கொடுங்கள், இருமுறை நடந்தது என்பதை அழுத்திச் சொல்லுங்கள். அந்தப் பாதையை இன்றே விட்டுவிடுங்கள். இரண்டு மைல் கூடினாலும் வெளிச்சமும் கடைகளும் உள்ள சாலையில் வாருங்கள். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பது வீட்டில் ஒருவரின் போனில் தெரியட்டும். மிளகாய் ஸ்ப்ரே பையின் அடியில் கிடக்கக் கூடாது, கை போகும் இடத்தில் இருக்க வேண்டும். சைக்கிளைத்தான் கேட்கிறான் என்றால் கொடுத்துவிட்டு ஓடுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு, சட்டப்படி தகுதியோடு, துப்பாக்கிதான் என்று நீங்கள் முடிவெடுத்தால் அந்த முடிவை மதிக்கிறேன். மதிக்கிறபடியால் சில விஷயங்கள். சைக்கிள் ஓட்டுகிற எல்லோரும் ஒருநாள் விழுவார்கள். இடுப்பெலும்பின் மேல் இருக்கும் இரும்பு, விழும்போது எலும்பை உடைக்கும். முதுகின் நடுவில் செருகினால் தண்டுவடத்துக்கே ஆபத்து. மார்போடு இறுக்கிப் பிடிக்கும் உறையில், விசை முழுக்க மூடியிருக்கும்படி வையுங்கள். ஜெர்சிப் பை கூடவே கூடாது. ஹேண்டில்பார் பையில் வைத்தால், தண்ணீர் வாங்கக் கடைக்குள் போகும் நேரத்தில் சைக்கிளோடு துப்பாக்கியும் திருடன் கைக்குப் போகும். மைதானத்தில் நின்று நிதானமாகச் சுடும் பயிற்சி போதாது. வியர்த்து மூச்சிரைக்கும்போது, தோட்டா நீக்கிய துப்பாக்கியோடு, பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க எடுத்துப் பழகுங்கள். வீட்டில் குழந்தை இருந்தால் கழற்றிய நொடியே பூட்டுப் பெட்டிக்குள் போக வேண்டும்.

கேள்வி: கோவையில் சைக்கிள் கிளப் நடத்துகிறோம். இங்கே லைசன்ஸ் கிடைக்குமா?
(கோயம்புத்தூர்)

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உயிருக்குக் குறிப்பான அச்சுறுத்தல் இருப்பதை அதிகாரியிடம் விளக்க வேண்டும். தெருநாய்க்காகக் கிடைக்காது. நாயைச் சுட்டால் வழக்கு உங்கள் மேல்தான் பாயும். கூட்டமாக ஓட்டுங்கள்.

கேள்வி: மோன்டானாவில் கிரேட் டிவைட் பாதையில் ஓட்டப் போகிறோம். கரடிக்காவது துப்பாக்கி வேண்டாமா?
(சியாட்டில்)

கேட்க வேண்டிய கேள்வி. தேசியப் பூங்காக்களுக்குள், அந்தந்த மாநிலச் சட்டப்படி வைத்திருக்க 2010 பிப்ரவரி முதல் அனுமதி உண்டு. ஆனால் பாதையின் கனடாப் பகுதியிலிருந்து தொடங்குவதாக இருந்தால் மறந்துவிடுங்கள். தற்காப்புக்கென்று கைத்துப்பாக்கியோடு எல்லை தாண்ட கனடா விடாது.

ஆய்வாளர்கள் டாம் ஸ்மித்தும் ஸ்டீபன் ஹெரேரோவும் அலாஸ்காவின் கரடிச் சம்பவங்களைத் தொகுத்து ஆராய்ந்தார்கள். 2008-இல் வெளியான முடிவு: பழுப்புக் கரடியின் மேல் மிளகாய் ஸ்ப்ரே அடித்த சம்பவங்களில் 92 விழுக்காட்டில் கரடி தன் செய்கையை நிறுத்தியது. 2012-இல் துப்பாக்கிச் சம்பவங்களைப் பார்த்தார்கள். கையில் துப்பாக்கி இருந்தும் சுடாதவர்களுக்கும் சுட்டவர்களுக்கும் காயம்பட்ட அளவில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. காரணம் எளிது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் உடம்பில் ஒரு சரியான இடத்தைத் தேடிச் சுட வேண்டும். ஸ்ப்ரே ஒன்பது மீட்டர் தூரத்துக்கு ஒரு மேகத்தையே நிறுத்துகிறது, கரடி தானே வந்து அதில் நுழைகிறது.

சைக்கிள்காரருக்கு இன்னொரு ஆபத்து உண்டு, அதை யாரும் பேசுவதில்லை. நாம் சத்தமில்லாமல், வேகமாக வருகிறோம். 2016 ஜூனில் கிளேசியர் பூங்காவை ஒட்டிய காட்டுப் பாதையில், மறைவான வளைவில் வந்த மலைச் சைக்கிள் ஓட்டி ஒருவர் கரடிமேலேயே மோதி, அதன் தாக்குதலில் இறந்தார். அந்த நொடியில் எந்த ஆயுதமும் கைக்கு வராது. வளைவுக்கு முன் வேகத்தைக் குறைத்து, வாய்விட்டுக் கத்திக்கொண்டே போங்கள். பாட்டு வந்தால் பாடுங்கள்.

2021 ஜூலையில், இதே பாதையில் இருக்கும் ஓவான்டோ என்ற சிற்றூரில், கூடாரத்தில் தூங்கிய சைக்கிள் பயணி ஒருவரைக் கரடி கொன்றது. அதே இரவில் அது முன்பே ஒருமுறை வந்து, விரட்டப்பட்டுப் போயிருந்தது. ஆகவே ஒருமுறை வந்த கரடி திரும்ப வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சுவரும் கதவும் உள்ள இடத்துக்கு, நள்ளிரவானாலும் சரி, மாறிவிடுங்கள். சாப்பாடு, பற்பசை, சோப்பு எதுவும் கூடாரத்துக்குள் வேண்டாம்.

கேள்வி: அந்தக் கரடி ஸ்ப்ரேயை இங்கிருந்தே விமானத்தில் கொண்டுபோகலாமா?
(அதே சியாட்டில் குழு)

கைப்பெட்டியிலும் கூடாது, சரக்குப் பெட்டியிலும் கூடாது. மோன்டானாவில் இறங்கியதும் கடையில் வாங்குங்கள். ஆளுக்கு ஒன்று, குறைந்தது 225 கிராம், காலாவதித் தேதி பார்த்து. தண்ணீர் பாட்டில் மாட்டும் இடத்திலோ இடுப்பு வாரிலோ மாட்டுங்கள், முதுகுப் பையில் வேண்டாம். பயணம் முடிந்ததும், எதிர்த்திசையில் கிளம்பும் யாராவது ஒரு சைக்கிள்காரரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.