கெடு 15 நாள்

செயற்கை நுண்ணறிவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஏப்ரலில் சட்ட முன்மொழிவை வைத்தது. விவாதம் முடிவதற்குள் சாட்ஜிபிடி வந்து நின்றது. அதையும் உள்ளே இழுத்துக்கொண்டு, 113 பிரிவுகளோடு 2024 ஆகஸ்டில்தான் சட்டம் அமலுக்கு வந்தது. அமெரிக்காவில் பைடன் 2023-இல் பிறப்பித்த செயற்கை நுண்ணறிவு ஆணையை டிரம்ப் பதவியேற்ற அன்றே ரத்து செய்தார்.

இந்தியா 2024-இல் சட்டம் வரை போகவில்லை, கடிதத்தோடு நின்றது. அந்த ஆண்டு மார்ச் 1-இல் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் அனுப்பிய அறிவுரை, சோதனையில் இருக்கும் மாதிரிகளைப் பொதுப் பயன்பாட்டுக்கு விட அரசின் அனுமதி வேண்டும் என்றது. எந்தப் படிவம், எந்த ஜன்னல் என்ற விவரமெல்லாம் இல்லை. ஸ்டார்ட்அப்களுக்கு இது பொருந்தாது என்று அமைச்சர் எக்ஸ் தளத்தில் விளக்கினார். மார்ச் 15-இல் வந்த மறு அறிவுரையில் அனுமதியையே காணோம். முதல் கடிதம் நிறுவனங்களிடம் 15 நாளில் நடவடிக்கை அறிக்கை கேட்டிருந்தது. கெடுவுக்குள் நடவடிக்கை எடுத்தது அரசுதான்.