கல்யாணம் 1475-ல், பந்தி இன்னும் முடியவில்லை

கேள்வி: ஆண்டு விழா கொண்டாடினால் ஊர் ஒன்றுபடுமா?

பதில்: ஜெர்மனியின் லான்ட்ஸ்ஹூட்டைக் கேளுங்கள். பவேரியக் கோமகனின் மகன் ஜார்ஜுக்கும் போலந்து இளவரசி ஹெட்விக்குக்கும் 1475-ல் அங்கே கல்யாணம். 1903-லிருந்து அதையே மறுபடி மறுபடி நடத்துகிறார்கள். இப்போது நான்கு வருஷத்துக்கு ஒருமுறை. 2,000 பேருக்கு மேல் வேஷம் கட்டுகிறார்கள், பெரும்பாலும் உள்ளூர்க்காரர்கள். ஆண்கள் மாதக்கணக்கில் முடி வளர்க்கிறார்கள் (சவரக்கடைக்காரர் பாவம்!). ஒற்றுமையைப் பற்றி அங்கே யாரும் மைக் பிடிப்பதில்லை. கொடி பிடிக்கவோ குதிரைக்குத் தண்ணீர் காட்டவோ ஆளுக்கொரு வேலை கொடுத்துவிடுகிறார்கள். முறைத்துக்கொண்டு நிற்க நேரமேது? நிஜ ஹெட்விக் பிற்காலத்தில் பெரும்பாலும் இருந்தது புர்க்ஹௌசன் கோட்டையில், கணவர் லான்ட்ஸ்ஹூட்டில். தம்பதி பிரிந்திருந்தால் என்ன, சம்பந்தி வீட்டார் இன்னும் கலையவில்லை!